மனுசனுக்கு மட்டும் சட்டம்

அன்னைக்கு வீட்டுல இருந்தது என் அய்யா. என் வீட்டுக்காரி. பஸ்ஸுல கண்டக்டரா ஓடுற என் தம்பி. அப்புறம் நான். நாலு பேர். ஞாயித்துக்கிழமை. கோயில்ல பூசை முடிஞ்சு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பல வருசம். பிள்ளை இல்லை. திண்டுக்கல்ல சிஸ்டர்மார் நடத்துற இல்லத்துல ரெண்டு வயசுப் பெண்பிள்ளையைத் தத்தெடுக்கப் பார்த்து வச்சிருந்தோம். எழுத்து வேலை முடிஞ்சாச்சு. அய்யாதான் சம்மதிக்கல. அவரை மீறிக் கூட்டிட்டு வர எங்களுக்கு மனசில்லை. அந்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணும்னு சிஸ்டர் சொல்லியிருந்தாங்க. இல்லாட்டி வேற வீட்டுக்குப் போயிரும்.

அய்யாவுக்கு ஒரு நம்பிக்கை. ஒரு ஆட்டுல இருந்து அச்சா அதே மாதிரி இன்னொரு ஆட்டை நகல் எடுத்துட்டாங்கன்னு ரேடியோவில கேட்டதுல இருந்து. கொடைரோட்டுப் பக்கம் எங்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். கொடியில குச்சி வெட்டி நட்டா அதே கொடி வரும். மனுசனுக்கும் அப்படி வந்துரும்னு இருந்தார். "செத்த பொறுங்க. உங்க ரத்தத்துலயே ஒண்ணு கிடைக்கும்" என்பார். பொறுத்தோம்.

தம்பி பேப்பரை மடிச்சுக்கிட்டே சொன்னான். "அய்யா, மனுசனை நகல் எடுக்கக் கூடாதுன்னு நாடு நாடாச் சட்டம் போடுறாங்களாம். நம்ம நாட்டுலயும் கூடாதுன்னுதான் சொல்றாங்க."

அய்யா சோத்துல இருந்து கையை எடுத்தார். "திராட்சைக்கு யாருலே சட்டம் போட்டா? மனுசனுக்கு மட்டும் எதுக்கு?"

"கொடி பேசாது. உங்களை மாதிரி இன்னொருத்தர் வந்தா ரெண்டு பேருமில்ல பேசுவீங்க."

வீட்டுக்காரி தொட்டுக்க வெஞ்சனம் வச்சுக்கிட்டே, "ஒரு மாமாவுக்கே உப்பு சரியா விழ மாட்டேங்குது" என்றாள். சொன்னவ சிரிக்கல.

அய்யா அவளைப் பார்த்தார். ரெண்டு வாய் சாப்பிட்டார்.

"சட்டம்னு வந்துட்டா இனி காத்திருந்து என்ன. அந்தப் பிள்ளை திராட்சை திங்குமா தாயி?"

"தெரியல மாமா. கேட்டுட்டு வாரேன்."

"வேணாம். நானே வாரேன்."

மறுநாள் ஒரு கூடை பறிச்சு எடுத்துக்கிட்டு எங்களோட பஸ் ஏறினார். இல்லத்துல பிள்ளை முதல் பழத்தைத் துப்பிருச்சு. அய்யா தோலை உரிச்சு, விதையை எடுத்து, மறுபடி கொடுத்தார். தின்னுச்சு. இன்னொண்ணுக்கு வாயைத் திறந்துச்சு. அவர் உரிச்சுக்கிட்டே இருந்தார். யார் ரத்தம்னு கேக்கல.

திரும்பி வரும்போது அவர் மடியிலயே தூங்கிருச்சு. தம்பி கண்டக்டரா ஓடுற பஸ்தான்.

"இதுக்கு டிக்கெட் உண்டாலே?"

"மடியில இருந்தா இல்லைய்யா."

பொழுது சாய வீடு வந்தோம். வீட்டுக்காரி தட்டு எடுத்து வச்சா. அஞ்சு.