மணல் மூட்டை உட்கார்ந்த சீட்

கார் ரிப்பேர் தொழிலில் சத்தம் வருகிறது என்றால் கண்டுபிடித்துவிடலாம், புகை வருகிறது என்றாலும் கண்டுபிடித்துவிடலாம். 'தூக்கிப் போடுகிறது' என்று சொன்னால் மட்டும் எந்த மிஸ்திரியும் முதலில் ரோட்டைத்தான் திட்டுவான்.

கல்கத்தாவில் குட்டிக் காரில் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிய புண்ணியவான்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் பத்தொன்பது வயது. இந்த வயதில் என்ன பழைய நினைவு என்று கேட்காதீர்கள். ஹையர் செகண்டரியில் கணக்கில் போய்விட்டது. மறுபடி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "வீட்டுல சும்மா கெடக்கதுக்குக் கடையில வந்து உக்காரு" என்று அப்பா டாலிகஞ்சில் இருந்த தன் காரேஜுக்குக் கூட்டிப் போனார். வருகிறவர்களிடம் வண்டிக்கு என்ன கேடு என்று விசாரிப்பதும், மல்லிக் பஜாரில் பழைய சாமான் பேரம் பேசி வாங்கி வருவதும் என் வேலை. இப்போது டல்ஹௌசியில் ஓர் ஆபீசில் ஃபேனுக்கு அடியில் டைப் அடிக்கிறேன். கிரீஸ் வாசனை இல்லாத கை வேறு யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. காரேஜுக்கு வந்த மற்ற கார்களெல்லாம் மனதில் ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டன. ஒரு சிவப்புக் கார் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

பூஜை வரைக்கும் கெடு

கணேசன் சார் பாங்க் ஆபீசர். பிரம்மச்சாரியாக இருந்தபோது சினிமா ஸ்டூடியோக்காரர் ஒருவரிடமிருந்து அந்த இரண்டு கதவுக் காரை வாங்கியிருந்தார். தரையோடு தரையாக இருக்கும். 'ஸ்போர்ட்ஸ் மாடல்' என்று சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். திருப்பத்தில் சாயக் கூடாது என்று பின்னால் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டு வைத்திருந்தார். டாலிகஞ்சையே மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போட்டிருந்த சமயம் அது. மழை பெய்தால் ரோடு எது, குளம் எது என்று தெரியாது. அதில் அந்தக் கார் போவதைப் பார்த்தால் அடுப்பில் கடுகு வெடிப்பது மாதிரி இருக்கும்.

அவர் மனைவி கமலா மாமி. வயது முப்பதுதான், ஆனால் எங்கள் பக்கத்தில் கல்யாணமான தமிழ்ப் பெண் எல்லோரும் மாமிதான். மழையில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து முதுகில் அடி. குலுங்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியின் தங்கை கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தாள். தலைப்பிரசவம். அம்மா இல்லாத பெண்கள். ஞாயிறு தோறும் மாமி போயாக வேண்டும். பஸ்ஸில் நிற்க முடியாது, வாராவாரம் டாக்ஸி கட்டாது. சார் போட்ட நிபந்தனை: "புதுசா ஒண்ணும் வாங்கக் கூடாது. இருக்கறதை வெச்சு சரி பண்ணுங்கோ. துர்கா பூஜை வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா சாந்த்ராகாச்சில ஒருத்தன் கேட்டுண்டிருக்கான், குடுத்துடுவேன்." சொல்லும்போது கார் பானெட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். மாமி கார் கதவைப் பிடித்து மெதுவாக இறங்கி நின்றார்.

"காரை வித்தாலும் சரி, என்னை வித்தாலும் சரி. ஞாயித்துக்கிழமை நான் கார்டன் ரீச்ல இருக்கணும்."

காற்று

காசில்லாத வைத்தியம் காற்றைக் குறைப்பதுதான். எங்கள் மிஸ்திரி கார்த்திக்-தா (பெங்காலியில் 'தா', 'தாதா' என்றால் அண்ணன்) டயரை விரலால் சுண்டினார். பானையைச் சுண்டின மாதிரி 'டங்' என்றது. ரேஸ் ஓட்டுகிறவர்கள் இப்படித்தான் வைப்பார்கள் என்று சாரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "இவர் எந்த ரேஸுக்குப் போகிறாராம்? பாங்குக்கா?" என்றார் கார்த்திக்-தா. அவர் பேசுவது பெங்காலி. நான் தமிழில் போட்டுவிட்டேன். எனக்குத் தமிழைவிட அதுதான் வேகமாக வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காற்றை இறக்கினோம். சார் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். முகத்தில் சாவு விழுந்த வீட்டுக் களை. திருப்பத்தில் முன்பெல்லாம் சர்ரென்று போகும் வண்டி இப்போது இந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அந்தப் பக்கம் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகிறதாம். தாங்க முடியவில்லை அவருக்கு. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஏம்மா வடிவு, நான் விட்டுட்டுப் போனது கார். நீங்க திருப்பிக் குடுக்கறது வாத்து."

மெத்தை

அடுத்தது சீட். மாமி உட்காரும் இடது சீட்டின் துணியைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே பாதி கம்பிச்சுருள் ஒடிந்திருந்தது. பழைய ஓனர் அதை மறைக்கச் சாக்கைச் சுருட்டித் திணித்திருந்தான். சாக்கில் எலி குடித்தனம் நடத்திய அடையாளம் வேறு. அப்பா ஒடிந்த சுருளை எடுத்துவிட்டுத் தேங்காய் நார் வைத்து, மேலே ஸ்பாஞ்ச் வைத்து, அதற்கு மேலேயும் ஸ்பாஞ்ச் வைத்தார். "அந்தம்மா மகாராணி மாதிரி போகட்டும்" என்றார். அப்பாவுக்கு எதையும் போதுமென்று நிறுத்தத் தெரியாது. பந்தி பரிமாறுகிற கை.

கார் தாழ்வான கார் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. மாமி உட்கார்ந்தார். கூரை அவர் கொண்டையைத் தொட்டது. ட்ராம் தண்டவாளத்தைத் தாண்டினார்கள். அப்புறம் கொண்டை இல்லை. திரும்பி வந்ததும் உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்.

"முதுகு டாக்டர் ஆச்சு. இனிமே தலைக்கும் ஒரு டாக்டர் பார்த்துக் குடுங்கோ."

எடை கேட்ட கதை

மேலே இருந்த ஸ்பாஞ்சை எடுத்த பிறகும் வலி போகவில்லை. சார் ஆசையாகப் போட்ட அந்தக் கூடுதல் பட்டையைக் கழற்ற வேண்டும் என்றார் கார்த்திக்-தா. கழற்றலாம், ஆனால் அது ஒன்றோடு நிறுத்துவதா, இன்னொன்றையும் கழற்றுவதா? அதற்கு வண்டியில் எவ்வளவு பாரம் ஏறும் என்று தெரிய வேண்டும். சார் தன் எடையைச் சொல்லிவிட்டார். மாமியின் எடையை யார் கேட்பது? அப்பா பக்கத்துக் கடையில் ஏதோ வேலை இருப்பது மாதிரி எழுந்து போனார். கார்த்திக்-தா கையிலிருந்த ஸ்பேனரைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். சார் வாட்சைப் பார்த்தார். ஆண்பிள்ளைகள் மூன்று பேர்.

எனக்குப் பொறுமை கிடையாது. "மாமி, நீங்க எவ்வளவு வெயிட்டு?" என்று கேட்டேன். தெருவிலிருந்து ஓடி வந்த அப்பா, "ஏட்டி, வாயை மூடு!" என்றார். மாமி சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

"அறுபத்திரெண்டு. கல்யாணத்தும்போது அம்பத்தஞ்சு. நடுவுல வந்ததெல்லாம் உங்க சார் சனிக்கிழமை சனிக்கிழமை வாங்கிண்டு வர ரசகுல்லா. அதைக் கழட்ட உங்க மிஸ்திரிகிட்ட ஸ்பேனர் இருக்கான்னு கேளு."

வெண்ணெய்

எடை தெரிந்ததும் எங்கள் காரேஜ் வழக்கப்படி வேலை நடந்தது. சிமென்ட் சாக்கில் மணல் நிரப்பி, அரிசிக் கடைத் தராசில் மாமியின் எடைக்குச் சரி பார்த்து, இடது சீட்டில் உட்கார வைத்துக் கயிற்றால் கட்டினோம். கூடுதல் பட்டை போயிற்று. எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்த ஷாக் அப்சார்பர்களுக்குப் பதிலாக மல்லிக் பஜாரிலிருந்து பழையதில் நல்லதாக நான் பொறுக்கி வந்தேன். கார்த்திக்-தா தன் பக்கத்து டாஷ்போர்டில் மண் குவளை நிறைய டீயை வைத்துக்கொண்டு, மூட்டையோடு மெட்ரோ குழிகளைச் சுற்றி வந்தார். டீ சிந்தவில்லை. "ஏக்தொம் மாக்கோன்!" என்று இறங்கினார். அப்படியே வெண்ணெய் என்று அர்த்தம். சார் ஓட்டினார். அவருக்கும் வெண்ணெய். வண்டி வாத்து மாதிரியும் ஆடவில்லை என்று மெச்சிக்கொண்டார்.

மாமி உட்கார்ந்து போய்விட்டு வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. மறுபடி மூட்டையைக் கட்டினோம், மறுபடி வெண்ணெய். மாமி ஏறினால் மறுபடி வலி. தெருக்கோடியில் பந்தலுக்கு மூங்கில் நட ஆரம்பித்துவிட்டார்கள். பூஜைக்கு அதிக நாள் இல்லை. அந்த ஞாயிறு மாமியால் தங்கை வீட்டுக்குப் போக முடியவில்லை. "வண்டி சரியாத்தான் இருக்கு. வலி அந்தம்மா மனசுல" என்று அப்பா சாரிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். எங்கள் அப்பாவின் மெதுவு தெருவுக்குக் கேட்கும். மாமி சீட்டில் கட்டியிருந்த மூட்டையைக் கை காட்டினார்.

"அண்ணா, இது ஒரு நாளாவது வாய் திறந்து 'வலிக்கலை'ன்னு உங்ககிட்ட சொல்லித்தா?"

மூட்டை கிழிந்த நாள்

மழையில் நனைந்து நனைந்து சாக்கு நடு ரோட்டில் வாய் பிளந்துவிட்டது. கார்த்திக்-தா காரேஜுக்குத் திரும்பி வேறு சாக்கு தேடினார். எனக்கு எரிச்சல். "சாக்கு வேண்டாம், நான் உட்காருகிறேன்" என்று எடைக்கு டூல் பெட்டியையும் காலடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். அந்தக் காரேஜில் வருஷக்கணக்காக வண்டி டெஸ்ட் செய்திருக்கிறார்கள். இடது சீட்டில் மனுஷர் உட்கார்ந்தது அன்றுதான்.

முதல் குழியில் என் பல் நாக்கைக் கடித்தது. கார்த்திக்-தாவின் டீ அசையவில்லை. அடுத்த குழி வரும்போது அவர் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவுதான் ஒடித்தார். அவருடைய சக்கரம் குழி விளிம்பில் ஒய்யாரமாகப் போயிற்று. என் சக்கரம் உள்ளே இறங்கியது. ஓரத்தில் ரோடு உடைந்திருந்த இடத்திலெல்லாம் நான்தான் உடைந்த பக்கம். "தாதா, உங்க சக்கரம் ஒரு குழியிலகூட விழல. எல்லாம் எனக்குத்தான்" என்று கத்தினேன். வண்டியை நிறுத்திவிட்டார். "பைத்தியம், நான் எங்கே திருப்பினேன்?" என்று சத்தியம் செய்தார். பொய்யில்லை, அவருக்கே தெரியாது. கை தானாகச் செய்கிறது. காரேஜுக்கு வந்து அவரை இடது சீட்டில் உட்கார வைத்து அப்பாவை ஓட்டச் சொன்னேன். அப்பாவும் அதையேதான் செய்தார். கார்த்திக்-தா இறங்கி, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்போ இத்தனை வருஷமா என் பொண்டாட்டி திட்டினது ரோட்டை இல்ல, என்னைத்தானா?"

யார் காரை

சாரிடம் நான்தான் சொன்னேன். அப்பா சொல்லியிருந்தால் பாதியைச் சர்க்கரை தடவியிருப்பார். "சார், வண்டில ஒண்ணும் இல்ல. நீங்க உங்களைக் காப்பாத்திக்கிட்டு மாமியைக் குழியில போடுதீங்க." சார் சிவந்துபோனார். பத்து வருஷமாக ஓட்டுகிறேன் என்றார். சரி, இடது சக்கரத்தைக் காப்பாற்றி ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். பாவம், நிஜமாகவே முயற்சி செய்தார். இரண்டு குழி சரியாகப் போவார். மூன்றாவதில் கை பழைய புத்திக்குப் போய்விடும். பூஜைக்கு முன்னால் வரும் மகாளயத்துக்கு முந்தின ஞாயிறு அது. சாயங்காலம் சாந்த்ராகாச்சி ஆள் காரைப் பார்க்க வருவதாக இருந்தது.

மாமி வலது பக்கக் கதவைத் திறந்து, "தள்ளுங்கோ" என்றார். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவர், தன்பாத்தில் அவர் அப்பாவின் ஜீப்பை ஓட்டியவர் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். சாருக்கு முன்னாலேயே தெரியும். ஸ்போர்ட்ஸ் மாடலை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். "கிளட்ச் மிதிச்சா முதுகு?" என்று சார் கேட்டார். "மிதிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் மாமி. பின் சீட்டில் நான் சுருண்டு உட்கார்ந்தேன்.

டாலிகஞ்சிலிருந்து கார்டன் ரீச் வரை, துறைமுக லாரிகள் உழுது போட்ட ரோடு, ரோட்டுக்குக் குறுக்கே சரக்கு ரயில் தண்டவாளம். மாமியின் கையும் மனுஷக் கைதான். ஒவ்வொரு குழியிலும் ஒரு விரல் அளவு ஒடித்தது. ஒவ்வொரு குழியும் சாருக்குப் போயிற்று. முதலில் 'பாத்து' என்றார், பிறகு 'கமலா' என்றார், தண்டவாளத்துக்கு அப்புறம் இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். குவார்ட்டர்ஸ் வந்தது. மாமி கதவைப் பிடிக்காமல் இறங்கினார். நிமிர்ந்து நின்று ஒரு தரம் மூச்சு விட்டார். மேலே தங்கை வயிற்றைத் தாங்கிக்கொண்டு, "அக்கா, நீயா ஓட்டிண்டு வந்தே?" என்று கூவினாள். மாமி கைப்பிடியைத் தொடாமல் படி ஏறினார். இன்றைக்கும் டைப் அடிக்கும்போது நடுவில் அந்த முதுகு நிமிர்ந்து போவது கண்ணுக்குத் தெரியும்; விரல் நின்றுவிடும்.

சார் காரிலிருந்து பாதி இறங்கி, பாதியிலேயே நின்றார். ஒரு கை கதவில், ஒரு கை இடுப்பில். "சாயங்காலம் அந்தச் சாந்த்ராகாச்சி ஆள் வரான் இல்லையா? இந்தக் காரைக் குடுத்துடறேன். இன்னிக்கே குடுத்துடறேன்" என்றார். மாமி படியில் நின்று திரும்பிப் பார்த்தார். கார் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே கேட்டார்.

"யார் காரை?"

ஆகவே, என் சக இடுப்பு வலிக்காரர்களே, குட்டிக் காரைச் சொகுசாக்க ஆகக் குறைந்த செலவில் முடிகிற ரிப்பேர், ஓட்டுகிறவரைக் கழற்றி இடது பக்கம் மாட்டுவதுதான்.