முதலில் எதை மாற்றுவது

என் கணவரின் குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். கருமத்தம்பட்டியில் இறங்கி வீட்டுத் தெருவுக்குள் திரும்பிய பிறகு அவர் கேட்டார்.

“பத்தாவதுக்குக் கணக்கு இன்னும் பாதிகூட முடியல அம்மணி. மிச்சத்தை வீடியோ எடுத்து வெச்சரலாமா?”

பக்கத்திலுள்ள பள்ளியில் அவர் கணக்கு வாத்தியார். குரல் அப்போதே கரகரத்துத்தான் வந்தது. சரி என்றேன். மகளின் பிறந்தநாள் வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பழகியிருந்ததால், எடிட்டிங் என் பொறுப்பானது.

சாப்பாட்டு அறைச் சுவரில் வெள்ளைப் பலகை மாட்டினோம். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுவதால், தறி நிற்கும் நேரம் பார்த்து என் போனில் எடுத்தோம். போன் நிறைந்ததும் வீடியோக்களை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு, போனிலிருந்து அழித்துவிடுவேன். அப்படி அழித்ததைப் பற்றி அப்போது நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

எடிட்டிங் ஆரம்பித்தபோதுதான் தொல்லை தெரிந்தது. லேப்டாப் பழசு. வீடியோவை ஓடவிட்டால் குரல் முன்னால் போகும். படம் பின்னாலேயே நின்றுவிடும். அவர் கை பலகையில் பாதி எழுதிய நிலையில் உறைந்திருக்க, குரல் மட்டும் அடுத்த கணக்குக்குப் போயிருக்கும். ஒரு துண்டை வெட்டினால் முழுத் திரையும் வெளுத்துப்போகும். மறுபடி உயிர் வருமா என்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், புதுசு வாங்கச் சொன்னாள். ஆஸ்பத்திரிச் செலவு முன்னால் நிற்கும்போது அதற்கு மனம் வரவில்லை. இருப்பதிலேயே எதையாவது மாற்றலாம் என்று காந்திபுரத்துக் கம்ப்யூட்டர் கடைகளில் விசாரித்தேன். ஒரு கடையில் ராம் மெமரியைக் கூட்டினால் போதும் என்றார்கள். எதிர்க்கடையில், ராம் எதற்கு, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, வேகமாக ஓடும் எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள் என்றார்கள். கிராபிக்ஸ் கார்டு போர்டோடு ஒட்டியே வந்தது, அதை மாற்ற வழியே இல்லை என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்.

வீட்டுக்கு வந்து நானே பார்த்தேன். வீடியோ ஓடும்போது ராமும் நிறைந்திருந்தது, டிஸ்க்கும் முழுவதும் திணறிக்கொண்டிருந்தது. இரண்டையும் மாற்ற வேண்டியதுதான். எதை முதலில் மாற்றுவது என்பதில்தான் நான் தடுமாறினேன். ராம் என்றால் மூடியைக் கழற்றி, செருகி, மூடிவிடலாம். டிஸ்க்கை வெளியே எடுப்பது அப்படியில்லை. அவருடைய குரல் அதற்குள் இருந்தது. ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் குரல் வேறெங்கும் இருக்காது. அதனால் முதலில் ராம், டிஸ்க் அப்புறம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆபத்து குறைந்ததை முதலில் செய்வதுதான் புத்திசாலித்தனம் என்று பட்டது.

மறுநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல விட்டு விட்டுக் கேட்டது. அவர் குளித்துவிட்டு வந்து, துண்டோடு நின்று கவனித்தார்.

“என்ன இது சத்தம்?”

“டிஸ்க்குங்க. போகப்போகுதாட்ட இருக்குது.”

மகளின் படங்கள் இருந்த பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கை மாட்டி, வீடியோக்களை நகலெடுக்கப் பார்த்தேன். திரையில் பச்சைக் கோடு கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. கேன்சல் செய்யவும் பயம், விடவும் பயம். கடைசியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் காந்திபுரம் போனேன். வேண்டாம் என்று சொல்லியும் அவரும் கூட வந்தார்.

எஸ்எஸ்டி போடச் சொன்ன கடைக்குத்தான் போனோம். கடைக்காரர் சத்தத்தைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார்.

“இதுல இருக்கறதை அப்படியே புது டிஸ்க்குக்கு இழுத்துப் பார்க்கறேனுங்க. எவ்வளவு வரும்னு சொல்ல முடியாது. வெச்சுட்டுப் போங்க, சாயங்காலம் போன் பண்றேன்.”

“இல்லீங்க, நாங்க இங்கயே உக்காந்துக்கறோம்.”

“ரொம்ப நேரமாகுமுங்க.”

“பரவாயில்லீங்க.”

வாசலை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே திரையில், எவ்வளவு வந்தது என்று காட்டும் சதவீத எண்கள் ஏறுவது தெரிந்தது. நடுவில் வெகுநேரம் ஒரே எண்ணில் நின்றது. நான் எழுந்து போய்ப் பார்ப்பதும் திரும்பி வருவதுமாக இருந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“போனாப் போகுது விடு. உனக்குக் கேட்டுக் கேட்டுச் சலிச்ச குரல்தானே?”

எனக்குக் கோபம் வந்தது. “அப்படிப் பேசாதீங்க” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

பொழுது சாயும்போது வேலை முடிந்தது. ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டது, ஒரு வீடியோ மட்டும் திறக்கவில்லை. முக்கோணவியலில் உயரமும் தூரமும் கண்டுபிடிக்கும் பாடம். அவர் ரசித்து நடத்தும் பாடம் அது. அன்றே ராமும் போட்டுக்கொண்டோம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வீடியோக்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்தேன், மகளுக்கும் அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகுதான் காபி போட அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின நாள், அவர் பலகையைத் துடைத்து ஒரு செங்குத்துக் கோடு வரைந்துகொண்டிருந்தார்.

“என்னங்க பண்றீங்க? தொண்டைக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“நாளான்னிக்கு எடுத்துப்போடப் போற தொண்டைதானே. போனைப் புடி.”

“தறி ஓடுதுங்க.”

“ஓடட்டும்.”

போனைப் பிடித்தேன். படம் ஆடாமலிருக்க முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டேன். தறிச் சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்று அவர் குரலை எழுப்பினார். பல இடங்களில் காற்று மட்டும்தான் வந்தது. நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார், இருமினார். திறக்காமல் போன அந்த உயரமும் தூரமும் பாடத்தை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளையோடு வீட்டுக்கு வந்தார். சொல்ல வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டுவார். லேப்டாப் இப்போது நன்றாகத்தான் இருந்தது. வெட்டினால் வெட்டியது, ஒட்டினால் ஒட்டியது. ஆனால் நான் அதைத் திறக்கவில்லை. வீட்டுக்குள் அந்தக் குரல் கேட்டால் அவர் எப்படித் தாங்குவார் என்ற பயம். ஹெட்போன் போட்டுக்கொண்டு செய்யலாம் என்றால், நான் தாங்குவேனா என்பதும் தெரியவில்லை. மருந்து கொடுக்கும் நேரம், துளையைச் சுத்தம் செய்யும் நேரம் என்று ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துக்கொண்டே இருந்தது.

ஒரு மத்தியானம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. ஒரு கணம் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பிறகு உள்ளே ஓடினேன். அவரே லேப்டாப்பைத் திறந்து முதல் பாடத்தை ஓடவிட்டிருந்தார். முகத்தைப் பார்த்தேன். அழவில்லை, நெற்றியைச் சுருக்கியபடி திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வீடியோவை நிறுத்தி, பலகையில் தான் எழுதியிருந்த ஒரு வரியை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. போனை எடுத்துத் தட்டி நீட்டினார்.

“மைனஸ் விட்டுப்போட்டேன். கீழ எழுத்துல திருத்தம் போடு.”

நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அந்த இடத்தைத் தேடி வீடியோவைப் பின்னால் தள்ளினேன்.