பத்தரை மணிக்குக் கடக்கும் செயற்கைக்கோள்

இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எனக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பாய். கைப்பேசிக்குள் வைக்கும் சர்க்யூட் பலகைகளை லென்ஸில் பார்த்துப் பார்த்துத் தள்ளுவது என் வேலை. விடியும்போது கண்ணில் மணல் விழுந்ததுபோல் இருக்கும். அப்படி வந்து சேர்ந்தால் வாசலில் நைனா நின்றுகொண்டிருப்பார்.

"இன்னிக்கு வருமா பாப்பா?"

என்னைப் பெண் பார்க்க யாரும் வரவில்லை. அவர் கேட்டது செயற்கைக்கோளை.

இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தது ஓர் அதிகாரி. எங்கள் ஊரான வடக்குப்பட்டைச் சுற்றிலும் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்துக்கொண்டிருந்த சமயம். ஆடி மாதத்தில் ஜீப்பில் வந்தவர் ஏரிக்குக் கீழே எங்கள் வரப்பில் நின்று, "சாட்டிலைட் படத்துல பார்த்துட்டோம் பெரியவரே. இந்தப் பக்கம் பூரா தரிசு. தரிசைத்தான் முதல்ல எடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடம் ஏரியில் தண்ணீர் இல்லை, நைனா ஏர் ஓட்டவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் தரிசு என்ற சொல் அவருக்குப் பொறுக்கவில்லை.

"எப்போ பார்த்தானாம்? இன்னொரு வாட்டி பாக்கச் சொல்லு" என்றார் என்னிடம், ஜீப் போன பிறகு.

டிப்ளமோ படித்த வாய் சும்மா இருக்குமா? அது திரும்பவும் வரும் நைனா என்று விளக்க ஆரம்பித்தேன். அது வடக்கும் தெற்குமாகத் துருவத்துக்குத் துருவம் சுற்றுகிறது. அடியில் பூமி திரும்பிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் வேறொரு பட்டையைத்தான் பார்க்கும். எங்கள் பட்டைக்குத் திரும்பி வர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். எப்போது வந்தாலும் காலை பத்தரை வாக்கில்தான் வரும். வெயில் எப்போதும் ஏறக்குறைய ஒரே வாட்டத்தில் விழ வேண்டும் என்று அப்படி ஏவியிருக்கிறார்கள்.

"பத்தரைக்கா?" என்றார் நைனா. "அதுவும் ஆபீஸ் தொறக்கற நேரம் பாத்துதான் வருதா?"

பக்கத்து வயல் போர்வெல்லிலிருந்து தண்ணீர் கேட்டு வாங்கி ஆவணிக் கடைசியில் நெல் விதைத்துவிட்டார். என் வார விடுமுறை அத்தோடு போயிற்று. ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அந்தச் செயற்கைக்கோளின் பாதையைக் கோடாகக் காட்டும் பக்கத்தைத் திறந்து, எந்த நாள் எங்கள் தலைக்கு நேரே வருகிறது என்று பார்த்து வருவேன். கம்பெனி கேன்டீனிலும் அதே யோசனைதான். என்னோடு லைனில் நின்ற தென்காசிக்காரி, "ஏட்டி, சோத்தத் தின்னுட்டு அப்புறமா வானத்தப் பாரு. கழுத்து சுளுக்கிக்கிடும்" என்பாள்.

விதைத்த பிறகு முதல் முறை அது வந்தது புரட்டாசியில். அதற்கு முந்தின நாளே நைனா வைக்கோல் போரைப் பிரித்து வீட்டுக்குப் பின்னால் மாற்றிவிட்டார். மேலேயிருந்து பார்த்தால் பழுப்பாகத் தெரியுமாம். ஆடு ஓட்டுகிறவர்களிடம் அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவைத்தார். காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வயல் நடுவில் போய் நின்றார்.

"நம்ம வூடு மொத்தமும் ஒரு புள்ளி தேறாது நைனா. நீ எங்க தெரியப்போற?"

"தெரியாட்டி போவுது. பயிர் வெச்சவன் பக்கத்துல நிக்க வாணாமா? நீயும் வா."

அம்மா மட்டும்தான் எனக்குப் பரிந்து பேசினாள். "ராத்திரி பூரா நின்னுட்டு வந்துகீது. அத்த தூங்க வுடுய்யா." யார் கேட்டார்கள்? வரப்பில் நின்றபடியே எனக்குக் கண் சொருகியது. வானத்தில் ஒன்றும் தெரியவில்லை, சத்தமும் இல்லை. போயிடுச்சா என்றார், போயிடுச்சு என்றேன். பயிர் அப்போது விரல் நீளம்தான். மண்தான் தெரிந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது. அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்றார்.

அடுத்த தடவை ஐப்பசியில். நல்ல மழை பிடித்து முழங்கால் உயரத்துக்குப் பயிர் தளதளவென்று நின்றது. அப்படியொரு பச்சையை எங்கள் நிலத்தில் நான் பார்த்ததே இல்லை. அன்று காலை வானம் முழுக்கக் கருத்துக் கிடந்தது. தூறலில் நைனா நனைந்துகொண்டே நின்றார். குடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஆளை மறைக்கும் என்று வாங்க மறுத்துவிட்டார்.

"அது மேகத்துக்கும் மேலதான போவுது?"

"ஆமா."

"கீழ பாக்காதா?"

"இதால முடியாது நைனா."

குனிந்து பயிரின் நுனியைத் தடவினார். "மழ வோணும்னு நான்தான் வேண்டிக்கினேன்" என்றார். தூக்கக் கலக்கம் என்று சொல்லி வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

அறுவடைக்குள் அது வந்த மற்ற நாட்களிலும் மேகம்தான். தை அறுவடை முடிந்ததும் எங்கள் நிலத்தையும் எடுத்து எல்லைக் கல் நட்டார்கள். அடுத்த வருடம் கம்பி வேலி வந்தது, பிறகு உதிரி பாகம் செய்யும் கம்பெனி வந்தது. நைனா யாரையும் திட்டவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "பயிர் நின்னப்பல்லாம் மேகம் மறைச்சிடுச்சுப்பா. பாத்திருந்தா எடுத்திருக்க மாட்டாங்க." அதைச் சொல்லிச் சொல்லியே ஆறிக்கொண்டார். பிறகு அதே கம்பெனியின் வாசலில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு செக்யூரிட்டி வேலைக்கும் சேர்ந்தார்.

வருடங்கள் ஓடின. எனக்கு லைனிலிருந்து ஆபீஸுக்கு மாற்றல் கிடைத்து, முன்னால் ஒரு கம்ப்யூட்டரும் கிடைத்தது. ஒரு நாள் மதியம், அலுப்பில், வரைபடத்தில் எங்கள் ஊரைத் தேடினேன். பழைய வருடங்களின் படங்களையும் அதில் பின்னோக்கித் தள்ளிப் பார்க்க முடிந்தது. தள்ளிக்கொண்டே போனேன். அந்த வருடத்து மார்கழி வந்தது. மேகமே இல்லை. சுற்றிலும் பழுப்பு, ஏரிக்கரையின் வளைவை ஒட்டி ஒரே ஒரு பச்சைச் சதுரம். எங்கள் நிலம். தலைக்கு மேலே எத்தனையோ சுற்றிக்கொண்டிருந்தன, நான் ஒன்றைத்தான் கணக்கில் வைத்திருந்தேன். நாங்கள் யாரும் போய் நிற்காத ஒரு நாளில் வேறொன்று வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு சாயங்காலம் நேராக அவருடைய கேட்டுக்குப் போனேன்.

"பாரு நைனா. பச்சையா தெரியுது பாரு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஏரிக்கரைகூட தெரியுது" என்றார். "நல்லாத்தான் தெரியுது."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ பயிரு நிக்கறத பாத்துட்டேதான் நெலத்த எடுத்துக்கினாங்களா?"

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்க் கேட்டைத் திறந்துவிட்டார்.