யானை வயிற்றுக்குள் ஒளிந்த நாள்

ஞாயிற்றுக்கிழமையானால் என் கணவர் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறார். சென்னையில் நாலு சுவருக்குள் வளர்கிற பிள்ளைகள், கொஞ்ச நேரம் காற்றாட ஓடட்டும் என்று நானும் தண்ணீர் பாட்டிலும் துண்டும் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவேன். கூடப் போவதில்லை. பக்கத்து ஃபிளாட் அம்மாள் என்னைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துவிட்டுப் போகட்டும். நான் ஒரே ஒரு பூங்காவை ஆசை தீர அனுபவித்திருக்கிறேன். எனக்கு அது போதும்.

அப்போது எனக்கு ஏழு வயது. எங்கள் ஊர் திருவரங்குளத்துக்குப் பக்கம். துபாயில் இருந்த அப்பா மூன்று வருஷம் கழித்து லீவில் வந்துவிட்டுத் திரும்பக் கிளம்ப வேண்டிய நேரம்.

முந்தின தடவை அவர் கிளம்பியபோது எனக்கு நாலு வயது. காரில் ஏறப் போனவரின் காலைக் கட்டிக்கொண்டு தெருவே கூடும்படி அழுதேனாம். பயணம் புறப்படும்போது கண்ணீர் விட்டால் போகிற காரியம் விளங்காது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அப்பா போன காரியமும் விளங்கவில்லை. ஏசி மெக்கானிக் வேலை என்று போனவரை ரோட்டோரம் குழாய் பதிக்கக் குழி வெட்ட விட்டார்கள். அந்த ஏஜெண்டைப் பிடித்துக் கொடுத்தவர் என் தாய்மாமா. அதனால் ஏஜெண்டைக் குறை சொல்ல முடியாது. நாலு வயதுப் பிள்ளையைச் சொல்லலாம், அது எதிர்த்துப் பேசாது. "புள்ள அழுத அழுகைதான்க்கா எல்லாத்தையும் கெடுத்துருச்சு" என்று மாமா சொல்லிச் சொல்லி அம்மாவையும் நம்ப வைத்துவிட்டார்.

இந்தத் தடவை வேறு கம்பெனி, புது விசா, சென்னையிலிருந்து விமானம். என்னை அழவிடாமல் அப்பாவை அனுப்ப மாமா ஒரு திட்டம் போட்டார். பட்டணத்துப் பார்க்குக்குப் போகிறோம் என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். வேனில் ஏற்றியிருந்த பெட்டிகள் யாருக்கு என்று கேட்டேன். தன் கூட்டாளிக்குச் சாமான் என்றார் மாமா. அவருக்கு எப்போதுமே பொய் சரளமாக வரும்.

பார்க் நன்றாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்லமாட்டேன். புல்தரையில் பெட்ஷீட்டை விரித்துப் புளிச்சோறு தின்றோம். சோப்பு நுரைக் குமிழி விற்கிறவனிடம் அப்பா இரண்டு டப்பா வாங்கித் தந்தார். பிறகு ஊஞ்சலில் உட்காரவைத்து ஆட்ட ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பின்னால் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றன. "ஒங்க பொண்ணு மட்டுந்தான் ஆடணுமா சார்?" என்று ஒரு பெண் சண்டைக்கே வந்துவிட்டாள். "இன்னும் அஞ்சே நிமிசங்க" என்று அப்பா கெஞ்சினார். யாரிடமும் கெஞ்சாத மனிதர் ஒரு ஊஞ்சலுக்காகக் கெஞ்சுகிறாரே என்று எனக்கு ஒரே பெருமை.

மூன்றரை மணி இருக்கும். மாமா வந்து என்னை இறக்கினார். "பாப்பா, கண்ணாமூச்சி வெளையாடுவமா? அப்பா கண்ண மூடட்டும். நீ ஓடி ஒளிஞ்சுக்க. எத்தன தடவ கூப்புட்டாலும் வெளிய வரக்கூடாது, என்ன?"

அங்கே ஒரு சிமெண்டு யானை இருந்தது. தும்பிக்கைதான் சறுக்குமரம், வயிற்றுக்குள் பிள்ளைகள் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. அதற்குள் புகுந்துகொண்டேன். எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா பார்த்துவிட்டாள். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அம்மா தலையை ஆட்டினாள்.

நான் ஒளிந்ததும் அப்பா நேரே வாசலுக்குப் போய், பெட்டிகளை மாற்றி ஏற்றி நிறுத்தியிருந்த டாக்சியில் ஏறிவிட வேண்டும். திட்டம் அதுதான். ஆனால் அவர் போகவில்லை. என்னைத் தேட ஆரம்பித்துவிட்டார். ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று அந்தக் கடைசி நிமிஷத்தில் தோன்றியிருக்கிறது.

"பாப்பா, அப்பா தோத்துட்டேன். வெளிய வாம்மா!"

நானா வருவேன்? அந்த லீவு முழுக்க இப்படித்தான் தோற்றேன் என்று சொல்லி வரவழைத்து, எட்டிப் பிடித்துச் சிரிப்பார். எத்தனை தடவை ஏமாந்திருப்பேன். இந்தத் தடவை பாவாடையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். யானையைச் சுற்றி அவருடைய புது ஷூ இரண்டு தடவை போனது. குரல் கம்மியிருந்தது. அப்பா நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன்.

ஷூ பெஞ்சுப் பக்கம் போய் நின்றது. "இந்தா, பாப்பா எங்கிட்டுப் போச்சு? நீ பாத்தியா?"

"நான் பாக்கலைங்க. நீங்க கெளம்புங்க" என்றாள் அம்மா.

"ஒரு தடவ மொகத்தப் பாத்துட்டுப் போயிருறேனே."

"நேரமாச்சு மச்சான், வண்டி நிக்குது, வாங்க" என்று மாமாவின் குரல் கேட்டது. ஷூ வாசல் பக்கம் இரண்டடி வைத்துவிட்டு மறுபடி யானைப் பக்கம் திரும்பியது. அப்புறம் ஷூ போய்விட்டது.

அப்பா விமானம் ஏறப் போய்விட்டார் என்பதை வேன் தாம்பரம் தாண்டிய பிறகுதான் சொன்னார்கள். இனி எவ்வளவு வேண்டுமானாலும் அழுதுகொள்ளலாம் என்று எனக்கு அனுமதி கிடைத்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் அனுப்பி வைத்த அந்தப் பயணம் ஏழு வருஷம் இழுத்தது. பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரர்கள் பிடுங்கி வைத்துக்கொண்டு விடவில்லை. அப்பா வந்து இறங்கியபோது எனக்குப் பதினாலு வயது. இரண்டு கையையும் நீட்டியவரிடம், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, விருந்தாளியை வரவேற்பதுபோல "வாங்கப்பா" என்றேன். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் சட்டைப் பையைத் தடவினார். மாமா அதற்குள் வேறு காரணம் கண்டுபிடித்திருந்தார். அன்றைக்கு டாக்சி கிளம்பியது ராகு காலமாம்.

மாமாவை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. அம்மாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கவும் முடியாது. ஏனென்றால் அன்று யானை வயிற்றிலிருந்து நான் வெளியே வந்தபோது அவள் அதே பெஞ்சில், முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய் அவள் மடியில் ஏறினேன். அப்பா அவ்வளவு கேட்டும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லையே என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தேன்.