வாசலுக்கு வெளியே ஒரு தேத்தண்ணி

எழுபதுகளில், சிட்னியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கிறிஸ்தவ சபை நடத்திய பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கே தேநீர், கோப்பி, கோலா மூன்றும் விலக்கு. சிற்றுண்டிச்சாலையில் விற்க மாட்டார்கள், விடுதி அறையில் வைத்திருக்கவும் கூடாது. அவற்றில் கஃபீன் இருக்கிறது, அது உடம்பைக் கெடுக்கும் என்பது சபையின் முடிவு. தேத்தண்ணி இல்லாமல் எனக்குத் தலையிடி வந்தது, போனது. குடிக்கக் கிடைக்கவில்லை என்பதற்காக நான் ஒருவரோடும் சண்டைக்குப் போகவில்லை.

சண்டை வந்தது, சிட்னியில் செவன் ஹில்ஸ் பகுதியில் இருந்த அன்ரியால். அவரும் அங்கிளும் அப்பாவுக்குத் தூரத்து உறவு. அந்த நாட்டில் விடுமுறைக்கு நான் போய்த் தங்கக்கூடிய ஒரே வீடு அவர்களுடையது. அன்ரி எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு நிறுத்திவிடும் மரியாதைக்காரி. ஒரு ஞாயிறு ரயிலும் பஸ்ஸும் மாறி என்னைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்களுக்கு முதலில் தேத்தண்ணி, பிறகுதான் கதை. எங்கள் ஊரில் பகையாளி வீட்டில்தான் வாய் நனைக்காமல் எழும்புவார்கள். நானோ சிற்றுண்டிச்சாலைக் கொக்கோவைக் கொண்டுவந்து வைத்தேன்.

அன்ரி கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "பிள்ளை, தேத்தண்ணி இல்லையோ?"

"இஞ்ச விடமாட்டினம் அன்ரி. சட்டம்."

"வந்த சனத்துக்குத் தேத்தண்ணி குடுக்கக்கூடாதெண்டும் ஒரு சட்டமோ? நாங்கள் உமக்கு என்ன குறை விட்டனாங்கள், சொல்லும்."

கொக்கோ ஆடை கட்டியது. போட்டு வாறம் என்றுகூடச் சொல்லாமல் போனார்கள். அதன்பிறகு நான் தொலைபேசியில் கூப்பிட்டால் அங்கிள்தான் எடுப்பார். அன்ரி எப்போதும் குசினியில் சமையல் வேலையாக இருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் அன்ரி மேல் இல்லை, அந்தச் சட்டத்தின் மேல்.

அந்த மாதம் மாணவர் விவாத மன்றம், சிற்றுண்டிச்சாலையில் தேநீரும் கோப்பியும் விற்கலாமா என்று தலைப்பு வைத்தது. விற்கலாம் என்று பேச ஒருவரும் முன்வரவில்லை, ஒளித்துக் குடிக்கிறவர்கள்கூட. நான் பெயர் கொடுத்தேன். விடுதி மேற்பார்வையாளர்தான் தலைமை. சத்தம் போடாத, நேரான மனிதர். அப்படிப்பட்டவரோடு மோதுவதுதான் கஷ்டம்.

எதிர்த்துப் பேசிய இறையியல் மாணவன், உடம்பு ஆண்டவரின் ஆலயம் என்றான். நான் எழும்பினேன். "நான் சைவக்காரி. கோயில் எனக்கும் தெரியும். எங்கள் கோயிலில் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. உங்கள் ஆலயத்திலிருந்து என் விருந்தாளிகள் வாய் நனைக்காமல் திரும்பிப் போனார்கள்" என்றேன். மண்டபம் சிரித்தது. அதோடு உட்கார்ந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "நீங்கள் பயப்படும் அதே கஃபீன் நீங்கள் விற்கும் கொக்கோவிலும் கொஞ்சம் இருக்கிறது. முன்வரிசையில் இருக்கும் இரசாயன விரிவுரையாளரைக் கேளுங்கள்." அவர் தரையைப் பார்த்தபடி தலையாட்டினார். வாக்கெடுப்பில் என் பக்கம்தான் வென்றது. ஆனால் சட்டத்தை மாற்றும் அதிகாரம் மன்றத்துக்கு இல்லை, சபைக்குத்தான்.

திங்கட்கிழமை சிற்றுண்டிச்சாலையில் கொக்கோவும் இல்லை.

"நீங்கள் சொன்னது சரி. நாங்கள் இதை முன்பே கவனித்திருக்க வேண்டும்" என்று மேற்பார்வையாளர் மனமார நன்றி சொன்னார். விடுதி முழுக்க என்னைக் கரித்துக் கொட்டியது. கொட்டட்டும். கொக்கோவுக்காகத் திறந்த வாய்களெல்லாம் அன்றைக்கு எங்கே போயிருந்தன? நான் மேற்பார்வையாளரிடம் ஒன்று மட்டும் கேட்டேன், உங்கள் காணி எதுவரை என்று. முன்வாசல் கதவுவரை என்றார். கதவுக்கு வெளியே பஸ் தரிப்பிடம், அதில் உட்கார ஒரு வாங்கு. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு கடை.

அங்கிளிடம் கெஞ்சி அன்ரியைத் தொலைபேசிக்கு வரவைத்தேன். "அன்ரி, இந்த ஞாயிறு வாங்கோ. உள்ள வரத் தேவையில்லை. பஸ்ஸால இறங்கிற இடத்திலயே நிப்பன்."

"ஓம், பாப்பம்" என்றார். குரலில் ஒரு சூடும் இல்லை.

சுடுதண்ணிக்குத் தடை கிடையாது. விடுதியிலேயே கொதிக்கவைத்துப் பிளாஸ்க்கில் நிரப்பினேன். தேயிலையும் தகரத்தில் அடைத்த ரின்பாலும் கடையில் வாங்கினேன். வாங்கில் துணி விரித்து, சின்னக் கேத்தலில் சாயம் ஊறவிட்டேன். இருவரும் வந்து இறங்கினார்கள். அன்ரி கேத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கில் அமர்ந்தார். ஊற்றிக் கொடுத்தேன். அவர் கோப்பையை வாங்கும் நேரம் மேற்பார்வையாளரின் கார் வந்து நின்றது.

கண்ணாடியை இறக்கினார். "வாசலிலேயே இப்படிச் செய்யலாமா, மிஸ்?"

"வாசலுக்கு வெளியே, சேர்" என்றேன். இன்னொரு கோப்பை ஊற்றி அவருக்கும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நாளைக்குக் காலை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். காரை எடுக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிள் பதறி எழும்பினார். "பிள்ளையின்ர படிப்புக்குப் பிழை வந்திடும். வாரும், போவம்."

அன்ரி அசையவில்லை. அவசரப்படாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு காரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வெறும் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"இன்னொருக்கா விடும் பிள்ளை. அவர் பாக்கட்டும்."