ஆனைக்கு வளைகாப்பு

சித்ரா பௌர்ணமியன்று மங்கலதேவி அம்மன் கோயிலுக்கு மலையேற, பளியன்குடி அடிவாரத்தில் நின்றோம். மனைவியின் பையில் கண்ணாடி வளையல்கள் குலுங்கின. சட்டென்று எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

அன்று அம்மனுக்கு அத்தை நேர்ந்துகொண்ட வளையல்கள் என் கையில் இருந்தன. ஒன்று உடைந்தாலும் அபசகுனமென்று அத்தை பாதியில் இறங்கிவிடுவாள். திடீரென்று மேலே மூங்கில் முறிந்தது.

"ஆனை!" என்றார் அப்பா.

எல்லோரும் மூச்சடக்கி நிற்க, என் நடுக்கத்தில் வளையல்கள் மட்டும் கலகலத்தன.

"ஏலே, ஆனைக்கு வளைகாப்பா நடத்துற?" என்று அத்தை கிசுகிசுத்தாள்.

அத்தனையையும் முழங்கைவரை இறுக மாட்டிக்கொண்டேன். சத்தம் நின்றது, யானையும் போயிற்று. உச்சிவரை புதுப்பெண்ணாகவே ஏறினேன். ஒன்றும் உடையவில்லை.

"என்னங்க, இம்புட்டு ஏத்தமா இருக்கே. குமுளி போயி ஜீப்புல மேல போயிருவமா?" என்றாள் மனைவி.

"வளையலக் குடு."

என் பருத்த கையில் ஒன்றுகூட நுழையவில்லை. துண்டில் இறுகச் சுற்றி இடுப்பில் கட்டினேன். இனி யானைக்குக் கேட்க என் மூச்சிரைப்பு மட்டும்தான். மனைவி பின்தொடர, நடந்தேன்.