செவ்வாய்க்கு ஒரு லோடு

மிளகாய் வத்தல் நெடி. விருதுநகரில் காதர் வீட்டு குடோனுக்கு மேலே இருந்த அறையில் எப்போதும் அதுதான். பகடை உருட்டும்போது யாராவது தும்முவார்கள்... தும்மலில் விழுந்த பகடை செல்லாது என்று தனியாக ஒரு விதியே வைத்திருந்தோம்.

ஞாயிறு மத்தியானம் நாலு பேர் கூடுவோம். நான் அப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் டிசைனர். காதர் அவன் அத்தாவோடு வத்தல் வியாபாரம். முத்து பட்டாசு கம்பெனியில் போர்மேன். ஸ்டெல்லாக்கா நர்ஸ், எங்களைவிட மூத்தவர்.

ஆட்டம் என்னவென்றால், விண்வெளிக் கதை. கம்ப்யூட்டர் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதற்குள் பைலட்டாக, டாக்டராக, இன்ஜினியராகப் பேசி விளையாட வேண்டும். நினைத்தது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். காலேஜ் ஹாஸ்டல் நண்பன் விட்டுப்போன விதிப்புத்தகம் என்னிடம் இருந்ததால், கதை நடத்துவது நான். பிரஸ்ஸில் கழித்துப்போட்ட அலுமினிய பிளேட்தான் எங்கள் ஆகாயம். மார்க்கரில் கிரகங்களை வரைவோம், முடிந்ததும் துடைத்துவிடுவோம்.

கொஞ்ச நாளில் அந்த ஒரு புத்தகம் அலுத்துவிட்டது. அதற்கு இணைப்புப் புத்தகங்கள் இருந்தன. வேற்றுகிரகவாசிகளுக்கு ஒன்று, கப்பல்களுக்கு ஒன்று, ஆயுதங்களுக்கு ஒன்று, கிரகங்களுக்கு ஒன்று... இந்தியாவுக்கே டைரியும் காலண்டரும் அடித்துக்கொடுக்கிற ஊரில் இதெல்லாம் கிடைக்காது.

ஸ்டெல்லாக்காவின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வருவதாக இருந்தார். பெட்டியில் ஒரே ஒரு புத்தகத்துக்கு இடம். அக்காவுக்கோ அயர்லாந்து விசா எந்த நேரமும் வரலாம். அவர் போய்விட்டால் ஆட்டமே கிடையாது. அந்த ஒரு புத்தகம் சரியாக அமைய வேண்டும்.

ஓட்டுப் போட்டோம். நாலு பேர், நாலு புத்தகம்.

காதர் கேட்டது ஆயுதம். முத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏலே, காலையில இருந்து எதுவும் வெடிச்சிராமப் பாக்கதுதான் எம் பொழப்பு. ஞாயித்துக்கெழமையுமா?"

முத்து கேட்டது வேற்றுகிரகவாசிகள். ஆட்டத்தில் அக்காதான் டாக்டர். "எத்தனை கை, எத்தனை காலுன்னே தெரியாத பேஷண்டுக்கு நான் எங்கன ஊசி போடுவேன்?"

நான் கிரகங்கள் என்றேன். "வேண்டாம்லே," என்றான் காதர். "ஏற்கெனவே நம்ம கெரகம் சரியில்ல."

இந்தச் சண்டையில் காதரும் முத்துவும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் அக்கா தீர்ப்பு சொன்னார். "கொண்டாரது எங்கண்ணன். கப்பல் புத்தகம். அம்புட்டுத்தான்."

அண்ணன் வந்தார். புத்தகமும் வந்தது. அட்டை முழுக்கப் பெரிய விண்கப்பல்... உள்ளே பிரித்தால் வியாபாரம். எந்தக் கிரகத்தில் என்ன சரக்கு, எவ்வளவு வாடகை, புரோக்கருக்கு என்ன பங்கு என்று பக்கம் பக்கமாக அட்டவணை.

"கப்பல் படம் போட்டது ரெண்டு இருந்துச்சு," என்றார் அண்ணன். "இதுதான் நல்லா கனமா இருந்துச்சு."

காதர் புத்தகத்தை மூடிவிட்டான். "கடையில இருந்து தப்பிச்சு மாடிக்கு வாரதே இதை மறக்கத்தான்."

வேறு வழியில்லை, விளையாடினோம். முதல் லோடு, செவ்வாய் கிரகத்தில் ஒரு திருவிழாவுக்குப் பட்டாசு. கப்பல் கிளம்பும் நேரத்தில் முத்து மறித்தான்.

"மணல் வாளி எங்க?"

"விண்வெளிக் கப்பல்லே அது," என்றேன்.

"எதுவா இருந்தா என்ன? வாளி வைக்காம நான் சரக்கு ஏத்த விட மாட்டேன்."

தடித்தடியான விதிப்புத்தகங்கள் இரண்டிலும் மணல் வாளிக்கு விதி இல்லை. ஒரு மணி நேரம் அதிலேயே போனது. அக்கா தன் பங்குக்குத் தீக்காய வார்டு கேட்டார். கப்பலில் பாதி இடம் போய்விட்டது.

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்த காதர்தான் ஆளே மாறிப்போனான். வேற்றுகிரக புரோக்கராக நான் பேரம் பேசினேன். "நீங்க இழுத்தடிச்சா, சீசன் முடிஞ்ச பெறகு உங்ககிட்ட இந்த வெடியை எவன் வாங்குவான்? யோசிச்சுச் சொல்லுங்க" என்று காதர் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். எனக்கு நிஜமாகவே வேர்த்தது.

அப்போதுதான் மாடிப்படியில் அவன் அத்தா. 'லோடு', 'வாடகை' என்றெல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"எல்லாரும் சாப்பிட்டீகளா?" என்றவர் மகன் பக்கம் திரும்பினார். "என்ன லோடுப்பா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே. எப்பப் போகுது?"

காதர் பேரத்தின் வேகத்திலேயே இருந்தான். "செவ்வாய்க்குப் போகுது அத்தா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "செவ்வாய்க்கு லாரி இல்லையேப்பா. புதனுக்கு வச்சுக்கிருவமா?"

அக்கா முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டார். முத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காதர் மட்டும் முகம் மாறாமல் "சரி அத்தா" என்றான்.

அடுத்த வாரம் பிளேட்டைத் துடைத்து, லோடைப் புதன் கிரகத்துக்கு மாற்றிவிட்டோம். பெரியவர் சொல்லைத் தட்ட மனமில்லை.

அதன்பிறகு எங்கள் கப்பல் யாரோடும் சண்டைக்கே போகவில்லை. சரக்கு ஏற்றினோம், இறக்கினோம், பேரம் பேசினோம். வாரம் முழுக்கச் செய்கிற அதே வேலை... ஆனாலும் ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தது. விசா வந்த பிறகு கடைசியாகக் கூடிய அன்று, கப்பல் ஒரு குட்டிக் கிரகத்தில் இறங்கி நின்றது. "அடுத்து எங்கன போறோம்?" என்று அக்கா கேட்டார். "பாப்போம்க்கா" என்றேன். அதற்குமேல் கதை நடத்த எனக்கு வரவில்லை.

இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். அன்று கேட்ட புத்தகங்கள் அத்தனையும் டேப்லட்டில் இருக்கின்றன. அதன்பிறகு வந்தவையும்தான்.

போன மாதம் ஒருவழியாக நாலு பேரும் வீடியோ காலில் சேர்ந்தோம். எல்லா அட்டைப் படங்களையும் அனுப்பி, எதை வைத்து விளையாடலாம் என்று கேட்டேன். பெரிய சண்டை வரும் என்று தெம்பாக உட்கார்ந்திருந்தேன்.

"எதுன்னாலும் சரிப்பா," என்றார் அக்கா.

"எனக்கும் எதுன்னாலும் சரிதான்லே," என்றான் முத்து.

காதர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.